பெர்சியஸ் டிஜிட்டல் நூலகம்: 'ஊஸியா' என்ற சொல்லைத் தேடிப் போனால்

கிரேக்கத் தத்துவச் சொல் ஒன்றின் கதையை மூல நூலிலேயே படிக்க ஆசையா? டஃப்ட்ஸ் பல்கலைக்கழகம் நடத்தும் இந்தத் தளத்துக்கு முதலில் போங்கள். இலவசம்தான். கிரேக்க மூலத்தில் எந்தச் சொல்லைக் கிளிக் செய்தாலும் அதன் இலக்கண வடிவம் வரும், அங்கிருந்தே லிடெலும் ஸ்காட்டும் 1843-இல் வெளியிட்டு, பிறகு ஜோன்ஸ் திருத்திய பேரகராதிக்கும் போகலாம்.

'ஊஸியா'வையே எடுத்துக்கொள்ளுங்கள். 'இருத்தல்' என்ற வினையிலிருந்து பிறந்தது, ஆனால் அகராதி முதலில் தரும் அர்த்தம் சொத்து, உடைமை! பிளேட்டோவின் 'குடியரசு' முதல் புத்தகத்தில் முதியவர் கெஃபலோஸ் தன் குடும்பச் சொத்தைப் பற்றிப் பேசும்போது சொல்வதும் ஊஸியாதான், ஆறாம் புத்தகத்தில் நன்மை என்பது 'ஊஸியாவுக்கும் அப்பால்' என்று சாக்ரடீஸ் சொல்லும்போது அதுவே உள்ளமை என்றாகிவிடுகிறது. நம் 'பொருள்' செல்வமாகவும் மெய்ப்பொருளாகவும் நிற்பதைப் போலத்தான். இந்த இரண்டு இடங்களையும் அடுத்தடுத்துத் திறந்து பார்க்க முடிகிறதே, அதற்காகவே எனக்கு இந்தத் தளம் அவ்வளவு பிடிக்கும்.

குறை இல்லாமல் இல்லை. அகராதிப் பதிவுகள் முழுக்கச் சுருக்கக்குறிகள், புதியவர்கள் திணறுவார்கள். அப்புறம், கி.பி. 325-இல் கிறிஸ்தவ ஆயர்கள் கூடிய நைசியா சங்கம், இயேசுவைப் பிதாவோடு 'ஹோமோஊஸியோஸ்', அதாவது ஒரே ஊஸியா உடையவர் என்று அறிவித்ததன் பின்னணிக்கு இந்த அகராதி போதாது, அதற்குத் திருச்சபைக் கிரேக்க அகராதி தனியாக வேண்டும். அரிஸ்டாட்டில் இந்தச் சொல்லை வைத்து என்ன செய்தார் என்ற விளக்கத்துக்கு ஸ்டான்ஃபோர்டு தத்துவக் கலைக்களஞ்சியத்தைப் பக்கத்தில் திறந்து வைத்துக்கொள்ளுங்கள், அதுவும் இலவசம்.