அப்பாவின் பட்டன் போன்

மூன்று வாரம் ஊரில் இருந்துவிட்டுப் போன ஞாயிறுதான் சிங்கப்பூர் திரும்பினேன். எங்கள் ஊர் மன்னார்குடிக்குப் பக்கம். இரண்டு வருஷத்துக்கு முன் அப்பாவுக்கு நான் வாங்கிக் கொடுத்த ஸ்மார்ட்போன் பீரோவில் பெட்டியோடு அப்படியே இருந்தது. எனக்கு வருத்தம்தான். ஆனால் அவர் விரலைப் பிடித்துப் பார்த்ததும் புரிந்துவிட்டது. ஐம்பது வருஷம் மண்வெட்டி பிடித்துக் காய்த்துப்போன விரல். தொடுதிரையில் நான்கு தடவை அழுத்தினால் ஒரு தடவைதான் எடுக்கிறது; ஈரக் கையோடு தொட்டால் அதுவும் இல்லை.

அவர் வைத்திருப்பது நோக்கியா பட்டன் போன். நான் போய் இறங்கிய வாரம்தான் அது வாய்க்காலில் விழுந்திருந்தது. பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு சர்வீஸ் கடைக்கு எடுத்துப்போனோம். கடைக்காரத் தம்பி முதலில் பேட்டரியைக் கழற்றி, கண்ணாடி மேசையில் வைத்து விரலால் சுண்டினார். பம்பரம் மாதிரி சுற்றியது. “பேட்டரி உப்பிடுச்சுண்ணே. நல்ல பேட்டரி இப்படிச் சுத்தாது, படிஞ்சு உக்காரும்” என்றார். போர்டை பிரஷ்ஷால் கழுவி, ஹாட் ஏர் காட்டி, கீபேடுக்கு அடியில் இருந்த சேற்றைத் துடைத்து, புது பேட்டரி போட்டார். முக்கால் மணி நேரத்தில் போன் உயிர் பெற்றது. பின்மூடியை நகத்தால் நெம்பிப் பேட்டரியை மாற்ற முடிகிற போன் என்பதால்தான் இது நடந்தது. என் கையில் இருக்கும் விலை உயர்ந்த போனில் இதை நினைத்தே பார்க்க முடியாது.

இந்த வகை போன் யாருக்காகச் செய்யப்பட்டது என்பதை 2003-இல் வந்த நோக்கியா 1100-லேயே பார்க்கலாம். தூசி புகாத ரப்பர் கீபேட், வியர்த்த கையிலும் வழுக்காத பக்கங்கள், தலையில் ஒரு டார்ச். உலகம் முழுக்க 25 கோடிக்கு மேல் விற்றது. அந்த டார்ச்சை நான் சாதாரணமாக நினைக்கவில்லை. ராத்திரி வரப்பில் நடக்கிறவருக்குக் காலடியில் பாம்பு கிடப்பது தெரிய வேண்டும். 5-ஆம் எண் பட்டன் மேல் இருக்கும் சின்னப் புள்ளியைத் தடவியே அப்பா இருட்டில் நம்பர் போடுகிறார்.

போர்செட்டில் மொபைல் ஸ்டார்ட்டர், அதாவது போன் மூலமாகவே மோட்டாரை ஓடவைக்கும் பெட்டி, மாட்டியிருக்கிறோம். மும்முனை கரண்ட் வந்ததும் அந்தப் பெட்டியே அப்பாவைக் கூப்பிடும். அவர் திருப்பி அடித்தால் மோட்டார் ஓடும். அது ராத்திரி இரண்டு மணியாகவும் இருக்கலாம். அந்த நேரத்தில் போன் சார்ஜ் இறங்கிக் கிடந்தால் வயலுக்குத் தண்ணீர் இல்லை. ஒரு தடவை சார்ஜ் போட்டால் நாலு நாள் தாங்கும் போனின் அருமை அங்கேதான் தெரிகிறது.

சிம் விஷயத்தில் ஒருநாள் வீணானது. வேறொரு கடையில் 4ஜி மட்டும் தரும் நிறுவனத்தின் சிம்மைத் தலையில் கட்டிவிட்டார்கள். அப்பாவின் போன் 2ஜி, டவரே காட்டவில்லை. சிங்கப்பூரில் 2017 ஏப்ரலிலேயே 2ஜியை நிறுத்திவிட்டார்கள், நம் ஊரில் இன்னும் ஓடுகிறது. ஊருக்குப் போய்ப் பெற்றோருக்கு போன் வாங்குகிறவர்கள் ஒரே நிறுவனத்தின் சிம்முக்கு மட்டும் என்று பூட்டாத 4ஜி பட்டன் போனாகவே கேட்டு வாங்குங்கள். மறுபடி சிம் வாங்கப் போனால் ஆதார் கைரேகை ஏழு தடவை வைத்தும் பதியவில்லை. ரேகை தேய்ந்துவிட்டதாம். அப்பா கையைச் சட்டையில் துடைத்துத் துடைத்து வைத்ததைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை. கடைசியில் நேரில் போட்டோ எடுத்துப் பதியும் முறையில் கொடுத்தார்கள். அதை முதலிலேயே செய்திருக்கலாம். வயதானவரை அவ்வளவு நேரம் நிற்க வைத்திருக்க வேண்டாம்.

கிளம்புகிற அன்று 2-ஆம் பட்டனில் என் நம்பரைப் பதிந்து வைத்தேன். அதை அழுத்திப் பிடித்து, ஒரு ரிங் விட்டு கட் பண்ணுகிறார். நான் திருப்பி அடிக்கிறேன். “மோட்டாரு ஓடுது தம்பி, நீ சாப்பிட்டியா?” என்று நேற்று ராத்திரிகூடக் கேட்டார்.