யாக்-52: எட்டு வருடம் எண்ணெய் துடைத்தவன் சொல்வது

எங்கள் யாக்-52இல் ஒரு பங்கு விலைக்கு வருகிறது, வாங்கலாமா என்று நண்பர் ஒருவர் கேட்டார். நாலு பேர் சேர்ந்து வைத்திருக்கும் விமானம், எனக்கு இது எட்டாவது வருடம். 360 குதிரைத்திறன், 122 லிட்டர் டேங்க், அது எவ்வளவு சீக்கிரம் காலியாகும் என்பதெல்லாம் அவருக்கே தெரியும். நான் என்ஜின் எண்ணெயைப் பற்றி மட்டும் பேசுகிறேன்.

இதிலுள்ள எம்-14பி என்ஜின் ஒன்பது சிலிண்டர் ரேடியல். சிலிண்டர்கள் வட்டமாக நிற்பதால் கீழே இருப்பவை தலைகீழாகத் தொங்குகின்றன. விமானத்தை நிறுத்திவிட்டு வீட்டுக்குப் போனால், நாம் தூங்கும்போது எண்ணெய் பிஸ்டன் ரிங்குகளைத் தாண்டி மெதுவாக அவற்றுக்குள் இறங்கும். ஒன்பது சிலிண்டரும் சேர்ந்து 10.16 லிட்டர், கம்ப்ரஷன் 6.3, அதாவது பிஸ்டன் கீழே இருக்கும்போதுள்ள இடம் உச்சியில் 6.3இல் ஒரு பங்காகச் சுருங்கும். கணக்குப் போட்டால் பிஸ்டன் உச்சிக்கு வரும்போது ஒரு சிலிண்டரில் மிஞ்சும் இடம் 200 மில்லி சொச்சம். ஒரு டம்ளர், அவ்வளவுதான். அது எண்ணெயால் நிரம்பியிருந்தால் நசுங்காது, இரும்புதான் வளையும்.

அதனால் ஒவ்வொரு தடவையும் ஸ்டார்ட் செய்யும் முன், ஸ்பார்க் பிளக்குக்கு மின்சாரம் தரும் மேக்னெட்டோவை அணைத்துவிட்டு ப்ரொப்பெல்லரைக் கையால் பத்துப் பன்னிரண்டு பிளேடு சுற்ற வேண்டும். முட்டினால் அங்கேயே நிறுத்தி, கீழ்ச் சிலிண்டர்களின் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி வடிக்க வேண்டும். போன வருடம் எங்களில் ஒருவர் அவசரத்தில், முட்டியதும் பின்பக்கமாக ஒரு சுற்றுச் சுற்றிவிட்டார். லேசாகிவிட்டது, சரியாகிவிட்டது என்று நினைத்தார். எண்ணெய் எங்கேயும் போகவில்லை, சிலிண்டருக்குக் காற்று வரும் இன்டேக் குழாய்க்குள் ஏறி உட்கார்ந்திருந்தது. ஸ்டார்ட் ஆனதும் அத்தனையும் திரும்ப உள்ளே. பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடு வளைந்து, என்ஜின் இறங்கி, கோடைக்காலம் முழுக்க ஹேங்கரில் மூக்கில்லாமல் நின்றது விமானம். விற்பனைக்கு வந்திருப்பது அவருடைய பங்குதான்.

எண்ணெய்க் குழாயில் ஒரு வால்வு போட்டு மூடிவிடலாமே என்று கேட்பார்கள். போடலாம். ஒரு நாள் திறக்க மறந்தால் எண்ணெயே இல்லாமல் ஓடி என்ஜின் மொத்தமும் போய்விடும், அதற்கு இதுவே தேவலை. ரஷ்ய என்ஜின் என்பதால் இப்படி என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். பக்கத்து ஹேங்கரில் ஹார்வர்டு என்ற பழைய பயிற்சி விமானம் வைத்திருப்பவரும், அதிலுள்ளது 22 லிட்டர் அமெரிக்க வாஸ்ப் ரேடியல், சொட்டும் எண்ணெயைப் பிடிக்க எங்களைப் போலவே என்ஜினுக்குக் கீழே தட்டு வைக்கிறார்.

இவ்வளவு திட்டினாலும் ஸ்டார்ட் செய்யும் அந்த அரை நிமிடம் இருக்கிறதே! பேட்டரி சுற்றுவதில்லை, அழுத்திய காற்று நேராகச் சிலிண்டருக்குள் போகிறது. புஸ்ஸென்று ஒரு சத்தம், பிளேடு துள்ளும், ஒரு சிலிண்டர் இருமும், அப்புறம் இன்னொன்று, நீலப்புகை காக்பிட்டைத் தாண்டிப் போகும்போது ஒன்பதும் சேர்ந்துகொள்ளும். செஸ்னா மாதிரிச் சின்ன விமானத்தில், நேராக ஓட வலது கால் பெடலை மிதித்துப் பழகியவர்கள் ஓடுபாதையில் தடுமாறுவார்கள், இதன் ப்ரொப்பெல்லர் எதிர்ப்பக்கம் சுற்றுவதால் இடது கால்தான். பத்து மணி நேரத்தில் பழகிவிடும்.

சரி, வாங்கலாமா? வேண்டாம். அந்தப் பணத்தில் நல்ல செஸ்னா ஒன்றில் பங்கு கிடைக்கும், சட்டையும் கெடாது. என் பங்கைக் கேட்டால் தர மாட்டேன், அது வேறு விஷயம். சனிக்கிழமை காலை வருவதானால் பழைய சட்டையில் வாருங்கள், ப்ரொப்பெல்லர் சுற்ற ஒரு ஆள் குறைகிறது.