கழற்றி மாட்டும் டிராக்டர் ஷெட்: கூரையில் குறையில்லை, முளையில்தான் தகராறு

இந்த ஆடியிலும் ஷெட்டின் மேற்குக் கால்கள் மண்ணை விட்டு எழும்பிவிட்டன. உச்சிக் குழாய் ஒன்று வளைந்து, பட்டறைக்குப் போய்த் திரும்பி, இப்போதுதான் மறுபடி நிமிர்ந்து நிற்கிறது. இதே ஷெட்டை விலை குறைத்து விற்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன். வாங்க நினைக்கிறவர்களுக்காக, அதிலும் கரிசல் காட்டுக்காரர்களுக்காக இதை எழுதுகிறேன்.

என்னுடையது 12-க்கு 20 அடி. ஜி.ஐ. குழாய்ச் சட்டம், அதாவது துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய், மேலே தார்ப்பாய். 45 குதிரைத்திறன் டிராக்டரை ரோட்டவேட்டரோடு அப்படியே உள்ளே விடலாம். பின்னால் ஆள் உட்கார்ந்து கிரீஸ் அடிக்கவும் இடம் இருக்கும். கயத்தாறு பக்கம் நான் உழுவது குத்தகை நிலம். அடுத்தவர் நிலத்தில் தூண் எழுப்பித் தகரக் கொட்டகை போட முடியாது, போட்டாலும் குத்தகை முடிந்தால் விட்டுவிட்டு வர வேண்டியதுதான். அதனால்தான் கழற்றி மாட்டும் ஷெட். போக்குவரத்துக் கூலியோடு நாற்பதாயிரத்தை ஒட்டி ஆனது.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். தார்ப்பாய் அருமை. பாத்திரக் கடையில் கிடைக்கும் நீலப் பாய் ஒரு கோடை தாண்டுவதற்குள் பொடியாக உதிரும். இது 200 ஜி.எஸ்.எம்.முக்கு மேல், அதாவது சதுர மீட்டருக்கு 200 கிராமுக்கு மேல் கனம், வெயில் தாங்கும் பூச்சோடு வந்தது. வெளிப்பக்கம் சில்வர், உள்பக்கம் கறுப்பு. இன்றுவரை நடுத்துணியில் ஒரு பொத்தல் இல்லை. கூரைச் சரிவும் நன்றாக இருக்கிறது, தண்ணீர் தேங்குவதில்லை. இது சின்ன விஷயம் என்று நினைக்க வேண்டாம். 240 சதுர அடிக் கூரை தட்டையாக இருந்து, ஓர் அங்குல மழைத் தண்ணீர் வடியாமல் நின்றால் அதன் எடை 560 கிலோவைத் தாண்டும். எந்தக் குழாயும் மடங்கிவிடும்.

அப்புறம், டிராக்டர் மேல் அது காட்டிய வித்தியாசம். முன்பு வேப்பமரத்தடியில் நிறுத்துவேன். நிழல் நகர நகர வெயில் ஏறும், காக்கை எச்சம் பானெட் பெயிண்டை அரிக்கும், சீட் உறை கிழிந்துகொண்டே இருக்கும். ஷெட் வந்த பிறகு சீட் மாற்றவில்லை. பின் டயரின் பக்கவாட்டில் மயிர்க்கோடுபோல் ஓட ஆரம்பித்திருந்த வெடிப்புகள் அப்படியே நின்றுவிட்டன. மத்தியானம் ஸ்டியரிங்கைத் துண்டு சுற்றாமல் பிடிக்க முடிகிறது. களையெடுக்க வருகிற அக்காமார்கள் சாப்பாட்டு நேரத்தில் டிராக்டரை வெளியே எடுக்கச் சொல்லிவிட்டு உள்ளே உட்காருவார்கள். அந்த நிழலுக்காகவே வாங்கியிருக்கலாம் என்றுகூடத் தோன்றியது உண்டு.

இப்போது முளைக்கு வருகிறேன். ஷெட்டோடு அவர்கள் கொடுப்பது ஓர் அடி நீளக் கம்பி முளைகள். ஒவ்வொரு காலுக்கும் அடியில் ஒரு தகடு, தகட்டில் ஓட்டை, ஓட்டை வழியாக முளையை அடித்து இறக்க வேண்டும். ஐப்பசி கார்த்திகையில் அடித்தால் கரிசல் மண் முளையைக் கவ்விப் பிடிக்கும். கடப்பாரை போட்டு நெம்பினாலும் வராது. ஆனால் கரிசல் ஈரத்தில் உப்பி, காய்ச்சலில் சுருங்குகிற மண். பங்குனியில் கீறல் விடும், ஆனியில் காடு பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். தென்மேற்குப் பருவத்தின் மழை மலைக்கு அந்தப் பக்கமே பெய்து தீர்ந்துவிடும், நமக்கு வருவது செங்கோட்டைக் கணவாய் வழியாகக் காற்று மட்டும். மண் பிடியை முழுதாக விடுகிற மாதமும் காற்று உச்சத்தில் இருக்கிற மாதமும் ஒன்றேதான். இந்த ஆடியில் குனிந்து பார்த்தேன். முளையைச் சுற்றி விரல் நுழைகிற இடைவெளி. இரண்டு விரலால் பிடித்துத் தூக்கினேன், ஆடுகிற பல்போல் கையோடு வந்துவிட்டது.

காற்றின் கணக்கு எளிதானதுதான். இந்தியத் தரநிலை ஐ.எஸ். 875-இன் மூன்றாம் பகுதியில், காற்றின் வேகத்தை வினாடிக்கு இத்தனை மீட்டர் என்று எடுத்து, அதன் வர்க்கத்தை 0.6-ஆல் பெருக்கச் சொல்கிறார்கள். வருவது ஒரு சதுர மீட்டருக்கான அழுத்தம், நியூட்டனில். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்துக்குப் போட்டுப் பார்த்தால் சதுர மீட்டருக்கு 167 நியூட்டன், எடைக் கணக்கில் சுமார் 17 கிலோ. என் கூரை 22 சதுர மீட்டர், ஆக ஏறக்குறைய 380 கிலோ. சரிவையும் திறப்பையும் பொறுத்து இது கூடும், குறையும். சட்டம், துணி எல்லாம் சேர்ந்தே 200 கிலோ தேறாது. மீதியை முளைதான் பிடிக்க வேண்டும். வேகம் இரட்டித்தால் தூக்குகிற விசை நாலு மடங்கு ஆகும் என்பதையும் மறக்கக் கூடாது. காற்றாலைக்காரர்கள் இடம் தேடி வந்து இறக்கை நட்ட ஊர் இது. இங்கே ஓர் அடிக் கம்பியை நம்பு என்கிறார்கள்.

விற்றவர்களுக்கு போன் போட்டேன். "உங்க மண்ணு அப்படி அண்ணாச்சி, நாங்க என்ன செய்ய?" என்றார் பேசியவர். எனக்கு அன்று வந்த கோபம் இன்னும் அடங்கவில்லை. கோவில்பட்டி, விளாத்திகுளம், எட்டயபுரம் எல்லாம் கரிசல்தான். இந்தப் பக்கம் ஆள் விட்டு விற்கத் தெரிகிறது, இந்தப் பக்கத்து மண் எப்படி என்று கேட்கத் தெரியவில்லை. பருத்தியும் உளுந்தும் கம்பும் விளைகிற மண் அது. குறை அவர்கள் முளையில் இருக்கிறது.

இப்போது நான் செய்திருப்பது இது. வேலியிலிருந்து பிடுங்கிப் போட்டிருந்த பழைய கல்லுக்கால்களை எடுத்தேன். அஞ்சடிக் கல் ஒன்று 90 கிலோவுக்கு மேல் வரும். ஒவ்வொரு காலுக்கும் பக்கத்தில் மூன்றடிக் குழி வெட்டி, கல்லைப் படுக்கப் போட்டு, நடுவில் சங்கிலியைச் சுற்றி மேலே கொண்டுவந்து, மண்ணை மிதித்து மிதித்து மூடினோம். சங்கிலியின் மறுமுனை காலில் போல்ட்டோடு. இனி மண் வெடித்தாலும் கல்லும் அதன் தலைமேல் இருக்கிற மண்ணும் சேர்ந்து எடை கொடுக்கும். கல் இல்லாதவர்கள் 200 லிட்டர் மூடி போட்ட பேரலில் தண்ணீர் நிரப்பிக் காலோடு கட்டலாம், பேரலுக்கு 200 கிலோ. உரச் சாக்கில் மண் நிரப்பிக் கட்டுவதை நம்ப வேண்டாம், வெயிலில் சாக்கு இற்றுவிடும்.

துணி கிழிவது எப்போதும் ஓரத்து வளையத்தில்தான், அதுவும் குழாயில் உரசி. பழைய சைக்கிள் டியூபைக் குழாய் மேல் சுற்றினேன், நைலான் கயிற்றை எடுத்துவிட்டு டியூப் வாரில் கட்டினேன். காற்று இழுத்தால் வார் நீண்டு கொடுக்கும், வளையம் பிழைக்கும். பட்டறையில் வெல்டு வைத்த இடத்தில் துத்தநாகப் பூச்சு எரிந்துபோயிருக்கும், துரு அங்கேதான் ஆரம்பிக்கும். மறக்காமல் சிங்க் பெயிண்ட் அடிக்கச் சொல்லுங்கள். யூரியா, டி.ஏ.பி. மூட்டையை உள்ளே அடுக்கவே கூடாது, ஈரம் இழுத்துக் குழாயை அரித்துவிடும்.

வாசல் எந்தப் பக்கம் என்பது முக்கியம். மேற்கே வாசல் வைத்துக் கிழக்கை அடைத்தால் ஆடிக்காற்று உள்ளே புகுந்து கூரையை உப்பித் தூக்கும். மேற்கை அடைத்துக் கிழக்கே திறந்து வைத்தால் அந்தத் தூக்கல் குறையும். நான் வைத்திருப்பது கிழக்கு வாசல். ஆனால் ஐப்பசி மழை வடகிழக்கிலிருந்து சாய்த்து அடிக்கும்போது டிராக்டரின் மூக்கு நனையும். அந்த இரண்டு மாதத்துக்கு மட்டும் ஒரு பாயைத் திரையாகத் தொங்கவிடுகிறேன்.

இவ்வளவு வேலை பார்த்த பிறகு அதைக் கழற்றி மாட்டும் ஷெட் என்று எப்படிச் சொல்வது? குத்தகை முடிந்தால் சட்டம் என்னோடு வரும், புதைத்த கல் வராது. அடுத்த நிலத்தில் மறுபடி குழி வெட்ட வேண்டும். வாங்கும்போது சொன்ன அரை நாள் வேலை எல்லாம் இந்த மண்ணில் நடக்காது.

துணிக்கு அஞ்சுக்கு அஞ்சு கொடுப்பேன். சட்டத்துக்கு நாலு. ஆனால் ஷெட்டுக்கு மொத்தமாக இரண்டுக்கு மேல் கொடுக்க மனம் வரவில்லை. சீட்டும் டயரும் பிழைத்தது உண்மை, அக்காமார்களுக்கு நிழல் கிடைத்ததும் உண்மை. இருந்தாலும் குறைத்த விலைக்குக்கூட அந்தக் கம்பி முளையோடு இன்னொன்று வாங்க மாட்டேன்.

என் மைத்துனனும் கேட்டான், "அத்தான், விலை இறங்கியிருக்கே, எடுத்துப் போடலாமா?" என்று. அவனுக்கும் குத்தகை நிலம், அதே கரிசல். கடையில் முதலில் முளையைக் காட்டச் சொல், ஓர் அடிக் கம்பியை நீட்டினால் அந்த முளைக்கான காசைக் கழித்துக்கொண்டு சட்டமும் துணியும் மட்டும் விலை பேசு, முடியாது என்றால் திரும்பி வந்துவிடு என்று சொல்லியிருக்கிறேன். கல்லுக்கால் என்னிடம் இன்னும் கிடக்கிறது, டிரெய்லரைக் கொண்டுவந்தால் ஏற்றிக்கொண்டு போகலாம்.