படியா, துணைப்பணியா: கட்டட வேலைகளைச் செயலியில் அடுக்கும் இரு முறைகள்

கடலூரில் தனி வீடுகளைக் கட்டித்தரும் பொறியாளன் நான். செம்மண்டலம், கோண்டூர், அரியாங்குப்பம் என மூன்று இடங்களில் ஒரே சமயத்தில் வேலை தொடங்கியபோது குறிப்பேடு போதாமல் போயிற்று. செய்ய வேண்டிய வேலைகளைப் பட்டியலிட்டு வைக்கும் மைக்ரோசாஃப்ட் டூ டூ, டுடூயிஸ்ட் ஆகிய இரு செயலிகளையும் சில மாதங்கள் மாற்றி மாற்றிப் பயன்படுத்திப் பார்த்துவிட்டு, டுடூயிஸ்டையே வைத்துக்கொண்டேன்.

இரண்டும் கைபேசியிலும் கணினியிலும் இயங்கும். இரண்டிலும் பட்டியலைப் பிறருடன் பகிரலாம். டூ டூ முழுக்க இலவசம். டுடூயிஸ்டின் இலவசத் திட்டத்தில் 5 புராஜெக்ட்டுகள் மட்டுமே வைத்துக்கொள்ள முடியும் என்பதால், ஆறாவது வீடு வந்தால் பணம் கட்டியாக வேண்டும். செலவை மட்டும் பார்ப்பவர் இங்கேயே முடிவெடுத்துவிடலாம்.

எனக்கு முடிவைத் தந்தது வேறொரு கேள்வி: பெரிய வேலைக்குள் அடங்கிய சிறிய வேலைக்குத் தனியாக ஒரு தேதி உண்டா, இல்லையா?

டூ டூவில் ஒரு பணியைத் திறந்தால் அதற்குள் அடங்கும் சிறு வேலைகளைப் படிகளாகச் சேர்க்கலாம். ஆனால் படிக்குத் தேதி கிடையாது. தேதி முழுப் பணிக்கும் ஒன்றுதான். ஒரு படி முக்கியமாகிவிட்டால் அதைத் தனிப் பணியாக உயர்த்தும் வசதி இருக்கிறது என்றாலும், உயர்த்திய பின் அது எந்தப் பணிக்குள் இருந்தது என்ற தொடர்பு அறுந்துவிடும். டுடூயிஸ்டில் பணிக்குள் சேர்க்கும் சிறு வேலைக்குத் துணைப்பணி என்று பெயர்; அதுவும் ஒரு முழுப் பணியே. அதற்கெனத் தேதி, முன்னுரிமை, பொறுப்பாளர் எல்லாம் இருக்கும். அதற்குரிய நாள் வந்தால் அன்றைய பட்டியலில் அது தானாகவே வந்து நிற்கும்.

இந்த வேறுபாடு கட்டட வேலையில் எவ்வளவு பெரியது என்பதற்கு ஒரு தளம் போடும் வாரத்தைப் பார்த்தாலே போதும். கான்கிரீட்டைத் தாங்கும் பலகை அச்சான சென்ட்ரிங்கை அடித்து, கம்பி கட்டி, எலக்ட்ரிஷியன் பைப்பையும் ஃபேன் பெட்டியையும் பதித்த பின்புதான் கான்கிரீட் போட முடியும். கான்கிரீட் வியாழக்கிழமை என்றால், எலக்ட்ரிஷியனிடம் திங்களன்றே சொல்லியிருக்க வேண்டும். இல்லையென்றால் அவர் வேறொரு வேலைக்குப் போய்விடுவார். செயலிகளுக்கு வருமுன், எல்லாவற்றையும் ஒரே குறிப்பில் டிக் அடிக்கும் பட்டியலாக வைத்திருந்தேன். மாடிப்படி விளக்குக்கான பைப் அந்தப் பட்டியலின் ஏழாவது வரியில் இருந்தது, அதை நானே எழுதியும் வைத்திருந்தேன். ஆயினும் கலவை இயந்திரம் வந்து நின்ற காலையில்தான் என் கண்ணில் பட்டது. அந்த வீட்டில் இன்றும் மாடிப்படிக்கு மேலே பைப் கூரைக்கு வெளியே ஓடுகிறது. வீட்டுக்காரர் பெருந்தன்மையுடன் விட்டுவிட்டார், என்னால்தான் விட முடியவில்லை. தேதி இல்லாத வரி, அது எந்தச் செயலிக்குள் இருந்தாலும், கெடு நாளன்றுதான் தலைகாட்டும்.

துணைப்பணிகளுக்குத் தேதி இடுவதில் பராமரிப்புச் சுமை உண்டு என்பதையும் சொல்லியாக வேண்டும். டுடூயிஸ்டில் தாய்ப்பணியின் தேதியை மாற்றினால் துணைப்பணிகளின் தேதி கூடவே நகராது. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்து, அடுத்த நாட்களில் தென்பெண்ணையில் வெள்ளம் வந்தபோது, மூன்று வேலைகளும் நின்றுபோய், தேதியிட்ட துணைப்பணிகள் அனைத்தும் காலாவதியாகிச் சிவப்பில் வரிசைகட்டி நின்றன. மொத்தமாகத் தேர்ந்தெடுத்து மாற்றினால் எல்லாவற்றுக்கும் ஒரே தேதி விழும். திங்கள், செவ்வாய், வியாழன் என்ற இடைவெளி அழிந்துபோகும். ஆகவே ஒவ்வொன்றாகத் திருத்த ஒரு மாலைப்பொழுது முழுவதும் செலவாயிற்று. டூ டூவாக இருந்திருந்தால் வேலைக்கு ஒரு தேதியை மாற்றியதோடு முடிந்திருக்கும்.

அந்த மாலைக்குப் பிறகு ஒரு முறையை வகுத்துக்கொண்டேன். என் ஆட்களே எங்கள் சொந்த வரிசையில் செய்துமுடிக்கும் வேலைகளுக்குத் தேதி இடுவதில்லை. வெளியார் ஒருவர் வந்தே தீர வேண்டிய வேலைகளுக்கு மட்டும், அதாவது எலக்ட்ரிஷியன், பிளம்பர், ஜல்லி லாரி, அளவு பார்க்க வரும் வீட்டுக்காரர் ஆகியோருக்கு மட்டும், தேதி இடுகிறேன். இப்படிச் செய்தால் ஒரு தளத்துக்கு நான்கைந்து தேதிகளே இருக்கும். மழை வந்தாலும் சில நிமிடங்களில் நகர்த்திவிடலாம்.

துணைப்பணிக்குள் துணைப்பணி என்று டுடூயிஸ்ட் நான்கு மட்டங்கள் வரை இடம் தருகிறது. நான் ஒரு மட்டத்தைத் தாண்டுவதில்லை. வீடு ஒன்றுக்கு ஒரு புராஜெக்ட், அதற்குள் அஸ்திவாரம், சுவர், தளம், பூச்சு எனப் பிரிவுகள், பிரிவுக்குள் பணிகள், பணிக்குள் ஒரு வரிசைத் துணைப்பணிகள் என்பதே போதுமானதாக இருக்கிறது. தாய்ப்பணியை முடித்ததாகக் குறித்தால் உள்ளே இருக்கும் துணைப்பணிகளும் சேர்ந்தே முடிந்ததாகிவிடும் என்பதால், ஆழம் கூடக் கூட முடியாத வேலை மறைந்துபோகும் ஆபத்தும் கூடுகிறது.

பெரிய குழுவுக்கு எது ஏற்றது என்பதில் என் அனுபவம் குறைவு. நானும் ஒரு மேற்பார்வையாளரும் மட்டுமே இதைப் பார்க்கிறோம். மேஸ்திரிகளுக்கு இன்றும் வாட்ஸ்அப்பில் குரல்பதிவுதான் போகிறது. வீட்டுச் சாமான் பட்டியல், ஒரே நாளில் முடியும் பழுதுபார்ப்பு போன்ற தேதி தேவைப்படாத வேலைகளுக்கு டூ டூவின் படிகள் எளிமையானவை. என் வீட்டுக் காரியங்கள் இப்போதும் அதில்தான் இருக்கின்றன.

தேதி இடும் என் முறைக்கு ஒரே விதிவிலக்கு, புதுத் தளத்தைக் கீழிருந்து தாங்கும் முட்டுகளைப் பிரிக்கும் துணைப்பணி. அதற்குத் தேதி உண்டு, ஆனால் முன்கூட்டியே இடுவதில்லை. சாதாரண போர்ட்லண்ட் சிமெண்டில் போட்ட தளத்தில், தாங்கலுக்குத் தாங்கல் 4.5 மீட்டர் வரை இருந்தால் 7 நாட்கள், அதற்கு மேல் போனால் 14 நாட்கள் என்று கான்கிரீட்டுக்கான இந்தியத் தரநிலையான ஐ.எஸ். 456 முட்டு பிரிப்பதற்கான குறைந்தபட்சக் காலத்தைச் சொல்கிறது. அந்தக் கணக்கு கான்கிரீட் உண்மையில் போட்ட நாளிலிருந்து தொடங்குவது என்பதால், வேலை முடிந்த மாலையில் சைட்டில் நின்றபடியே அந்தத் தேதியை இடுகிறேன்.