அலைகளுக்கு ஒரு சிறிய பேடில்போர்டு: 8 அடி 10 அங்குலப் பலகையின் மதிப்புரை

அமைதியான நீரில் பேடில்போர்டு, அதாவது நின்றபடி துடுப்பிட்டுச் செல்லும் பலகை, பழகியவர்கள் அதே பத்தடிப் பலகையுடன் அலைகளுக்குள் இறங்கினால் தொடக்கத்தில் எல்லாம் எளிதாகவே இருக்கும். அலை மடிவதற்கு வெகுமுன்பே பலகை வேகம் பிடித்துவிடும். நிற்பதற்கு இடம் தாராளமாக இருக்கும். கரைவரை நேர்கோட்டில் வந்து சேரலாம். அந்த நேர்கோடு சலித்த பிறகுதான் குறை தெரிய ஆரம்பிக்கும். அலையின் சரிவில் பக்கவாட்டில் ஓடவும், மேலேறித் திரும்பிக் கீழிறங்கவும் முயலும்போது, 160 லிட்டருக்கு மேற்பட்ட கொள்ளளவுள்ள (அதாவது மொத்தக் கன அளவுள்ள) பெரிய பலகை நம் காலின் சொல்லைக் கேட்பதில்லை. திருப்பம் முடிவதற்குள் அலை கடந்து போய்விடுகிறது. அந்தக் கட்டத்தை எட்டியவர்கள் அடுத்து வாங்கத் தகுந்தது என்று நான் கருதும் பலகையைப் பற்றியது இந்த மதிப்புரை: நீளம் 8 அடி 10 அங்குலம், அகலம் 30 அங்குலம், கொள்ளளவு 118 லிட்டர், எடை ஏறத்தாழ 8 கிலோ. இந்த அளவை ஒட்டிய பலகைகளைப் பல நிறுவனங்கள் செய்கின்றன என்பதால், பெயரை விட்டுவிட்டு அளவையும் வடிவத்தையும் மட்டுமே எடைபோடுகிறேன்.

விளம்பரங்கள் நீளத்தை முதலில் சொல்கின்றன. வாங்குபவர்களும் அதையே முதலில் கேட்கிறார்கள். ஆனால் சிறிய பலகைக்கு மாறும்போது உடல் உடனே உணர்வது அகலத்தில் ஏற்படும் குறைவைத்தான். பக்கவாட்டில் சாயாமல் பலகை தன்னை நிமிர்த்திக்கொள்ளும் வலிமை, நீரைத் தொடும் பரப்பின் அகலத்தை அகலத்தாலேயே இருமுறை பெருக்கி (அகலம் × அகலம் × அகலம்) வரும் அளவைப் பொறுத்தது. 32 அங்குலத்திலிருந்து 30 அங்குலத்துக்கு இறங்குவது தாளில் இரண்டே அங்குலம்தான். கணக்குப் போட்டால் அந்த வலிமையில் ஏறக்குறைய 18 விழுக்காடு போய்விடுகிறது. அதே வடிவத்தில் நீளமும் பத்தடியிலிருந்து இந்த அளவுக்குக் குறையும்போது மொத்த இழப்பு கால்பங்கைத் தாண்டிவிடும். முதல் நாளில் முழங்கால்கள் நடுங்குவதற்கு இதுவே காரணம். பலகையில் பழுது எதுவும் இல்லை. ஒரே தாவலில் 28 அங்குலத்துக்குப் போகத் துடிப்பவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை தாங்களே போட்டுப் பார்க்கலாம்.

கொள்ளளவுக் கணக்கு இதைவிட எளிது. 80 கிலோ எடையுள்ள ஒருவர், 8 கிலோ பலகை, துடுப்பும் நனைந்த உடையுமாக இன்னும் 2 கிலோ என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 90 கிலோ. கடல்நீரின் அடர்த்தி லிட்டருக்கு ஏறத்தாழ 1.025 கிலோ என்பதால், இந்த எடை மூழ்காமல் இருக்கவே 88 லிட்டர் தேவைப்படும். 118 லிட்டர் பலகையில் மிஞ்சுவது 30 லிட்டர். கால் இடறும்போதும், குறுக்கலை ஒன்று மேலேறி வழியும்போதும், பலகை மறுபடி மேலே வருவதற்கான இருப்பு இதுதான். தேர்ச்சி பெற்றவர்கள் தம் உடல் எடைக்குச் சமமான லிட்டர் அளவுள்ள பலகையில் கூட நிற்கிறார்கள். அவர்கள் காத்திருக்கும்போது பலகை நீருக்கு அடியில் இருக்கும். முதன்முறையாகச் சிறிய பலகைக்கு வருபவருக்கு உடல் எடையின் ஒன்றே முக்கால் மடங்கிலிருந்து ஒன்றரை மடங்குக்குள் இருப்பதே என் பார்வையில் சரியான இறக்கம். 80 கிலோ மனிதருக்கு இந்தப் பலகை அந்த வரம்பின் கீழ்க்கோட்டில், சொல்லப்போனால் ஒரு நூல் அதற்கும் கீழே நிற்கிறது.

இனி நீரில் அது நடந்துகொள்ளும் விதம். சிறிய பலகைகளைப் பற்றிய பேச்சு எப்போதும் அலைமேல் ஓடும் சில நொடிகளையே சுற்றி வருகிறது. ஆனால் கடலில் கழியும் நேரத்தில் பெரும்பகுதி காத்திருப்பதிலும், நுரையைக் கடந்து வெளியே போவதிலும்தான் செலவாகிறது. ஒரு பலகையை மதிப்பிட வேண்டிய இடமும் அதுவே. காற்றில்லாத காலையில் இந்தப் பலகை நல்ல பிள்ளையாக நிற்கிறது: பாதங்கள் இரண்டையும் இணையாக வைத்து, துடுப்பின் தட்டை நீரில் ஊன்றியபடி தொடுவானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கலாம். கடற்காற்று எழுந்து நீர்ப்பரப்பு பல திசைகளில் குலையத் தொடங்கியதும் நிலைமை மாறிவிடுகிறது. ஒரு காலைச் சற்றுப் பின்னால் தள்ளி, முழங்காலை மடித்து, துடுப்பை ஓயாமல் நீரில் அளைந்துகொண்டே இருக்க வேண்டும். ஒரு மணி நேரத்தில் கணுக்கால்கள் களைத்துவிடும். நான் இதைக் குறையாகச் சொல்லவில்லை, ஆனால் வாங்குவதற்கு முன் தெரிந்திருக்க வேண்டிய விலை இது. உங்கள் கடற்கரையில் பெரும்பாலான நாட்கள் எப்படி இருக்கின்றனவோ அதை வைத்தே அளவை முடிவு செய்யுங்கள். ஆண்டில் சில நாட்களே கிடைக்கும் கண்ணாடி போன்ற கடலை வைத்து முடிவு செய்தால், மற்ற நாட்களில் பலகை வீட்டிலேயே கிடக்கும்.

அலையைப் பிடிப்பதில் ஏற்படும் மாற்றம் இன்னும் நுட்பமானது. ஒரு மீட்டர் உயரமுள்ள அலை பொதுவாக 1.3 மீட்டர் அளவிலான ஆழத்தில் மடிகிறது. அந்த ஆழத்தில் அலை மணிக்கு 12, 13 கிலோமீட்டர் வேகத்தில் நகரும். எவ்வளவு வேகமாகத் துடுப்பிட்டாலும் குட்டையான பலகையில் அந்த வேகத்தை எட்ட முடியாது. மிச்ச வேகத்தை அலையின் சரிவுதான் தர வேண்டும். நீண்ட பலகை நன்றாக வழுக்கிச் செல்வதால் சிறு சரிவே அதற்குப் போதும். இந்தப் பலகைக்கு இன்னும் செங்குத்தான சரிவு வேண்டும், அதாவது அலை மடியப்போகும் இடத்துக்கு நெருக்கமாகவே காத்திருக்க வேண்டும். முன்பு வெளியே நின்று பிடித்த மந்தமான அலைகள் இப்போது பலகைக்கு அடியில் நழுவிப்போகும். நீளமான இழுப்புகளுக்குப் பதிலாகக் குறுகிய, விரைவான ஐந்தாறு இழுப்புகள் பழக வேண்டும். அதோடு, குட்டைப் பலகை ஒவ்வொரு இழுப்புக்கும் மூக்கை எதிர்ப்பக்கம் திருப்பிக்கொள்ளும் இயல்புடையது என்பதால், துடுப்பைப் பலகையின் ஓரத்தை ஒட்டி நேராக இழுத்து, பாதத்தைத் தாண்டும் முன்பே வெளியே எடுத்துவிட வேண்டும்.

இடம் மாறுவதில் இன்னொரு விளைவும் உண்டு. அலை முதலில் மடியும் இடமான உச்சிக்கு அருகில் வந்துவிட்டால், படுத்தபடி கையால் துழாவி அலை பிடிக்கும் சர்ஃபர்களின் நடுவில்தான் நிற்கப் போகிறீர்கள். உச்சிக்கு மிக அருகில் இருப்பவருக்கே அலை என்ற விதி அங்கே எல்லோருக்கும் பொது. கையில் துடுப்பு இருப்பதால் சலுகை எதுவும் கிடையாது.

இவ்வளவையும் பொறுத்துக்கொண்டதற்கான பலன் அலைக்குள் நுழைந்த கணத்திலேயே கிடைத்துவிடுகிறது. பின்காலை வால்பக்கத் திண்டின் மேல் வைத்து எடையை ஊன்றியதும் பலகை திரும்பிவிடுகிறது. பெரிய பலகையில் நான்கு எட்டு பின்னால் நடந்து செய்த வேலையை இங்கே ஒரு எட்டு செய்துவிடுகிறது. சரிவின் அடியில் திரும்பி மேலேறும் வழியில் விளிம்பு நீரில் பதிந்து பிடித்துக்கொள்வதைக் காலால் உணர முடிகிறது. உச்சியில் துடுப்பை அலையின் மீது ஊன்றி அதையே அச்சாகக் கொண்டு சுழலும்போதுதான், நின்று துடுப்பிடுவதில் படுத்துத் துழாவும் சர்ஃபருக்குக் கிட்டாத ஒரு கருவி கையில் இருப்பது புரியும். இடுப்பு உயரத்திலிருந்து தலை உயரம்வரையிலான அலைகளில் இந்தப் பலகை மிக இணக்கமாக ஓடுகிறது. அதற்கு மேல் என்னால் முழு மனதுடன் பரிந்துரைக்க முடியவில்லை: இதன் வால் சற்று அகலமானது, வலுவற்ற அலையில் வேகத்தைக் காப்பாற்றித் தரும் அதே அகலம், பெரிய செங்குத்தான அலையில் வாலை நீரிலிருந்து தூக்கிவிடப் பார்க்கிறது.

வடிவத்தைப் பற்றிச் சொல்லும்போது, ஒரே லிட்டர் அளவுள்ள இரண்டு பலகைகள் முற்றிலும் வேறாக நடந்துகொள்ளும் என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். அகலத்தைக் குறைத்துத் தடிமனைக் கூட்டியும் 118 லிட்டரை அடையலாம். அப்படிப்பட்ட பலகையில் பாதங்கள் நீர்மட்டத்துக்கு மேலே உயரத்தில் நிற்பதால் ஆட்டம் அதிகம். பருத்த விளிம்பு நீரில் பதியவும் மறுக்கும். கொள்ளளவு பலகையின் நடுப்பகுதியில் குவிந்து, விளிம்புகள் மெலிந்து, அவற்றின் அடி ஓரம் வாலை நோக்கிக் கூர்மையாகிச் செல்லும் பலகையே அலைக்கு உகந்தது. கடையில் பலகையின் ஓரத்தை இரு கைகளாலும் பிடித்துப் பார்த்தாலே வேறுபாடு தெரிந்துவிடும். மூக்கின் மேல்நோக்கிய வளைவும் கவனிக்கத் தக்கது: வளைவு மிகக் குறைந்தால் செங்குத்தான அலையில் மூக்கு குத்தி மூழ்கும், மிகக் கூடினால் துடுப்பிடும்போது நீரைத் தள்ளிக்கொண்டு போகும். நான் மதிப்பிடும் பலகையில் இது நடுவாந்தரமாக அமைந்திருக்கிறது.

காற்றடைத்த பலகைகளில் இதே அளவு கிடைக்கிறதே என்று கேட்பவர்கள் உண்டு. அவை பயணத்துக்கு வசதியானவை, யார்மேலாவது மோதினாலும் காயம் குறைவு. ஆனால் ஆறு அங்குலத் தடிமனுடன் உருண்டையாக முடியும் அவற்றின் ஓரம் அலையின் முகத்தைப் பிடிப்பதில்லை. அலைக்காகவே வாங்குகிறீர்கள் என்றால் கெட்டிப் பலகைதான்.

பலகையின் அடியில் வால்பக்கம் மாட்டும் மீன்துடுப்பு போன்ற தகடுகளான ஃபின்களில் சிறிது நேரம் செலவிடுவது நல்லது. இப்பலகையுடன் ஏறத்தாழ ஒரே அளவுள்ள மூன்று ஃபின்கள் வருகின்றன. திருப்பங்களுக்கு அது பொருத்தமானதே. ஆனால் பழகும் காலத்தில் நடுவில் ஆறு அல்லது ஏழு அங்குல ஃபின் ஒன்றையும் இரு பக்கங்களிலும் சிறிய ஃபின்களையும் மாட்டிக்கொண்டால், பலகை நேராக ஓடுவதும் நிற்கும்போது ஆட்டம் அடங்குவதும் தெளிவாகத் தெரிகிறது. கால் பழகியதும் நடு ஃபினைச் சிறிதாக்கிக்கொள்ளலாம். நான்கு ஃபின் அமைப்பு வேகம் தரும். ஆனால் முதல் பருவத்தில் அதற்கு அவசரமில்லை.

துடுப்பும் மாற வேண்டும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். அமைதியான நீரில் தலைக்கு மேல் எட்டு அங்குலம்வரை நீண்ட துடுப்பு வைத்திருந்தவருக்கு, அலையில் தலை உயரமோ அதைவிட நாலைந்து அங்குலம் கூடுதலோ போதும். பலகை நீரில் சற்று அமிழ்ந்து நிற்பதால் பழைய துடுப்பு முன்பைவிட நீளமாகவே தோன்றும். தட்டின் பரப்பு 80 முதல் 90 சதுர அங்குலத்துக்குள் இருந்தால் விரைவான இழுப்புக்குத் தோள் ஒத்துழைக்கும். பலகை விலகிப் போகாமல் காலில் கட்டும் கயிறான லீஷ், பலகையின் நீளத்தை ஒட்டிய ஒன்பதடி அளவில், சுருள் இல்லாத நேரான வகையாக இருக்கட்டும். சுருள் லீஷ் அலையில் இழுபட்டுப் பலகையை உங்கள் மேலேயே திருப்பி எறியக்கூடும்.

தயாரிப்பைப் பொறுத்தவரை குறை சொல்ல அதிகமில்லை. உள்ளே இபிஎஸ் என்னும் தெர்மோகோல் வகை நுரையும் மேலே எபாக்சிப் பிசினுடன் கண்ணாடி இழையும் கொண்ட வழக்கமான கட்டு; துடுப்பின் தண்டு அடிக்கடி படும் ஓரங்களில் மட்டும் பூச்சு விரைவில் சிதைகிறது என்பதால், முதல் நாளே ஓரப் பாதுகாப்பு நாடா ஒட்டிவிடுவது உத்தமம். உள்ளிருக்கும் காற்றின் அழுத்தத்தை வெளியேற்றும் காற்றுத் திறப்பு தானாக இயங்கும் வகையா, கையால் திருகித் திறக்க வேண்டியதா என்பதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். இரண்டாவது வகையை மூடியபடியே வெயிலில் போட்டுவிட்டால், உள்ளிருக்கும் காற்று விரிந்து மேல்தோல் நுரையிலிருந்து பிரியும்.

எடை 60 கிலோவை ஒட்டியவர்களுக்கு இந்தப் பலகை உடல் எடையைப் போல் ஏறக்குறைய இரு மடங்கு லிட்டர் கொண்டது; அவர்கள் எட்டடியை ஒட்டிய நீளத்தில், 29 அங்குல அகலத்தில், 90 முதல் 100 லிட்டருக்குள் தேடினால்தான் சிறிய பலகையின் பயனை உண்மையில் பெறுவார்கள். 95 கிலோவைத் தாண்டியவர்களுக்கு இது மிகச் சிறிது. 32 அங்குல அகலமும் 145 லிட்டரும் கொண்ட ஒன்பதடிப் பலகையிலிருந்து அவர்கள் தொடங்கலாம். நடுவிலிருப்பவர்கள், வாரத்தில் ஒருமுறையாவது அலைக்குப் போகிறவர்களாக இருந்தால், இதைத் துணிந்து வாங்கலாம். பழைய பத்தடிப் பலகையை மட்டும் உடனே விற்றுவிட வேண்டாம். முழங்கால் உயர அலைகள் மட்டுமே வரும் நாட்களில் இந்தப் புதிய பலகையால் எதையும் பிடிக்க முடியாது, அந்த நாட்களுக்குப் பழையதுதான் வேண்டும்.