தென்னையா, டவரா, சாய்க்கிற பைப்பா? குமரிக் காற்றுக்கு எந்த ஆன்டெனா கம்பம் சரி

மார்த்தாண்டத்திலிருந்து ஒரு தம்பி கூப்பிட்டார். ஹாம் (பொழுதுபோக்காக ரேடியோவில் பேசுகிறவர்களுக்கான) உரிமம் கைக்கு வந்துவிட்டது, ரேடியோவும் வாங்கியாயிற்று, இனி ஆன்டெனாதான் பாக்கி. “அண்ணே, எவ்வளவு உயரம் ஏத்தலாம்?” என்று கேட்டார். “புயல் வருதுன்னா எவ்வளவு நேரத்துல கீழ இறக்குவீங்க தம்பி?” என்று நான் திருப்பிக் கேட்டேன். ஆரல்வாய்மொழிக் கணவாயில் காற்றாலைகளைச் சுற்ற வைக்கிற காற்றும், குளச்சல், முட்டம் பக்கமிருந்து வருகிற உப்பும் சேர்ந்துதான் இந்த மாவட்டத்தில் ஒரு கம்பம் எத்தனை வருஷம் நிற்கும் என்பதை முடிவு செய்கின்றன. தென்னை மரம், வெல்டிங் டவர், சாய்த்து இறக்குகிற பைப் கம்பம் மூன்றையும் வைத்துப் பார்த்தவன் நான். என் ஓட்டு பைப்புக்கு.

உயரத்தை முதலில் பேசிவிடலாம். 7.1 மெகாஹெர்ட்ஸுக்கு டைபோல் (நடுவில் கேபிள் இணைத்து இரண்டு பக்கமும் நீளுகிற கம்பி ஆன்டெனா) கட்ட 143-ஐ 7.1-ஆல் வகுக்க வேண்டும், 20 மீட்டர் சொச்சம் கம்பி. அதைத் தரையிலிருந்து 10 மீட்டரில் கட்டினால் அலையில் பெரும்பகுதி நேராக மேலே போய் அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்பும். பகலில் மதுரை, கோவை, பெங்களூர் ஆட்களோடு பேச அதுதான் வேண்டும். அதே 10 மீட்டர், 14 மெகாஹெர்ட்ஸில் அரை அலைநீளம் ஆகிவிடுவதால் அங்கே அலை தாழ்ந்த கோணத்தில் கிளம்பி ஐரோப்பா வரை எட்டும். ஆக 10 அல்லது 12 மீட்டர் கிடைத்தால் புதியவருக்குத் தாராளம்.

தென்னை நம்மிடம் இருக்கிற இலவச டவர். விளையில் (தோப்பில்) 25 மீட்டர் இடைவெளியில் இரண்டு மரம் நின்றால் ஒரே நாளில் வேலை முடிந்துவிடும், தேங்காய் வெட்ட வருகிறவரிடமே சொல்லி மேலே ஒரு கப்பியைக் கட்டிக்கொள்ளலாம். ஆணி மட்டும் அடிக்காதீர்கள். தென்னையில் விழுந்த காயம் மற்ற மரங்களில் மாதிரி மூடி வளராது, அந்த ஓட்டை வழியாகச் சிவப்புக் கூன்வண்டு உள்ளே போனால் மரமே போய்விடும். கயிற்றைச் சுற்றிக் கட்டுங்கள், தென்னையின் தடி வருஷா வருஷம் பருக்காது என்பதால் கயிறு தோலுக்குள் புதைகிற பிரச்சினை இல்லை. காற்றில் இரண்டு மரமும் ஆளுக்கொரு பக்கம் ஆடும், அதனால் ஒரு முனையைக் கப்பி வழியாக இறக்கி, ஒரு கேனில் மணல் நிரப்பித் தொங்கவிட வேண்டும். இதைச் செய்யாததால் முதல் ஆடியிலேயே எனக்குக் கம்பி அறுந்தது. கயிறு பாலியெஸ்டராக இருக்கட்டும், நைலான் மழையில் நனைந்தால் நீளும். குறை என்று பார்த்தால், ஓலை கம்பியின் மேல் படும்போது எஸ்.டபிள்யூ.ஆர். (ஆன்டெனாவிலிருந்து ரேடியோவுக்கே எவ்வளவு திரும்பி வருகிறது என்பதன் அளவு) மாறும், காய்ந்த மட்டை விழுந்தால் கம்பியே போகும், ஒவ்வொரு தடவையும் மரமேறிக்காகக் காத்திருக்க வேண்டும்.

டவர் விஷயம் வேறு. மூன்று கால் வைத்து, குறுக்கே கம்பி பின்னிய லாட்டிஸ் டவர் 15 மீட்டருக்கு எழுந்து நிற்கும்போது மனசு நிறையும் என்பதை மறுக்க மாட்டேன். மேலே யாகி (ஒரே திசையில் அலையைக் குவிக்கிற, பல குச்சி வைத்த ஆன்டெனா) வைத்துத் திருப்ப வேண்டும் என்றால் அதுதான் வழி. ஆனால் அஸ்திவாரத்துக்கு ஒரு கன மீட்டர் கான்கிரீட் போட்டாலே அது 2.4 டன், பிறகு இடம் மாற்ற முடியாது. நான் கட்டியது உள்ளூர்ப் பட்டறையில், கறுப்பு பைப்பை வெல்டு வைத்து ரெட் ஆக்சைடு அடித்துத் தந்தார்கள். ஜிங்க் தொட்டியில் முக்கி எடுக்காத இரும்பு கடலோரத்தில் எப்படிப் போகும் என்பதை அதில்தான் கற்றுக்கொண்டேன். பெயின்ட் வெளியே அழகாகவே இருந்தது. கால் பைப்பின் அடியில் தண்ணீர் வடிய ஓட்டை விடாமல் மூடி வெல்டு வைத்திருந்ததால் துரு உள்ளேயிருந்து தின்றுகொண்டிருந்தது. ஒருநாள் ஸ்பானரால் தட்டிக்கொண்டே ஏறினேன், மேலே ‘ணங்’ என்று கேட்டது. இறங்கி வந்து அடிக்காலைத் தட்டினால் ‘டொக்’ என்றது, இன்னொரு தட்டில் ஸ்பானர் முனை உள்ளே போனது. அந்தக் காலை நம்பித்தான் அவ்வளவு நேரம் மேலே நின்றிருக்கிறேன். அதற்கப்புறம் முழு உடல் பெல்ட்டும் இரட்டைக் கொக்கியும் இல்லாமல் எந்த டவரிலும் ஏறியதில்லை.

2017 நவம்பர் 30, ஒக்கி புயல் வந்த நாள். காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் கம்பத்தின் மேல் விழுகிற விசை நான்கு மடங்காகும், அன்றைக்கு அதைக் கண்ணால் பார்த்தோம். மாவட்டம் முழுக்க ரப்பரும் தென்னையும் மின்கம்பங்களும் சாய்ந்தன, கடலுக்குப் போனவர்கள் பலர் திரும்பவில்லை. கரண்ட் வர நாட்கள் ஆயின. டவர் விழவில்லை, ஆனால் மேலே இருந்த ஆன்டெனா முறுக்கிக்கொண்டு கிடந்தது, அந்த ஈரத்தில் துருப்பிடித்த காலை நம்பி மேலே ஏறிச் சரிசெய்ய ஆளில்லை. தென்னைக் கம்பி ஒரு மரத்தோடு சேர்ந்து விழுந்தது, அதை எடுத்து மாமரத்தில் கட்டி அன்று சாயங்காலமே கார் பேட்டரியில் பேசினேன். கீழே இருந்து சரிசெய்ய முடிகிற ஆன்டெனா மட்டும்தான் எனக்கு வேண்டும் என்று அன்றுதான் முடிவெடுத்தேன்.

அப்படி வந்ததுதான் சாய்க்கிற பைப். கீழே 6 மீட்டர் இரண்டு இஞ்ச் ஜிஐ (ஜிங்க் பூசிய இரும்பு) பைப், மேலே 6 மீட்டர் ஒன்றரை இஞ்ச், அடியில் கீல், இழுக்கிற கயிற்றை உயர்த்திப் பிடிக்க 4 மீட்டர் உதவிக் கம்பம், கயிற்றைச் சுருட்டக் கையால் சுற்றுகிற வின்ச். பைப் மட்டும் 50 கிலோவுக்கு மேல், தரையிலிருந்து எழும் முதல் நொடியில் கயிற்றில் சுமார் 120 கிலோ இழுவை வரும், நிமிர நிமிரக் குறையும். எனவே பழைய கொடிக்கயிறு வேண்டாம். பக்கத்து ஸ்டே கம்பிகள் (கம்பத்தைச் சாயாமல் இழுத்துப் பிடிப்பவை) இரண்டும் கீலின் அச்சுக்கு நேரே, அதே மட்டத்தில் இருந்தால்தான் சாய்க்கும்போது இறுகாமலும் தளராமலும் வரும். மொட்டை மாடியில் வைப்பவர்கள் ஸ்டேயைக் கைப்பிடிச் சுவரில் கட்டாதீர்கள், அந்தச் செங்கல் இழுவைக்குத் தாங்காது, தூணிலோ பீமிலோ கொக்கி போடுங்கள். கம்பம் எந்தப் பக்கம் விழுந்தாலும் மின்கம்பிக்கு எட்டக் கூடாது. இதில் பெரிய யாகி வைக்க முடியாது என்பது உண்மையான குறை. எனக்கு அது குறையாகப் படவில்லை.

இடியைப் பொறுத்தவரை மூன்றுக்கும் ஒரே விதிதான், எர்த் ராடு போட்டு வீட்டு எர்த்தோடு இணையுங்கள், சித்திரையிலும் ஐப்பசியிலும் மேகம் கறுத்தால் கோஆக்ஸை (ஆன்டெனாவிலிருந்து ரேடியோவுக்கு வருகிற கேபிளை) கழற்றி வெளியே போடுங்கள். கனெக்டர் மேல் தானாக ஒட்டிக்கொள்கிற ரப்பர் டேப்பை இழுத்துச் சுற்றுங்கள். வருஷத்துக்கு ஒருமுறை பிரித்துப் பாருங்கள், செம்பில் பச்சை பூத்திருந்தால் அந்த முனையை வெட்டிவிடலாம். பைப் கம்பத்தில் இதைத் தரையில் உட்கார்ந்தே செய்கிறேன், மகனோடு சேர்ந்தால் இறக்க 20 நிமிஷம்.

தம்பியின் விளையில் இரண்டு தென்னை இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை டைபோலைக் கட்டிப் பேசத் தொடங்கச் சொன்னேன். பைப்புக்கான குழியைப் பொங்கல் கழிந்து, மழை ஓய்ந்து மண் இறுகியதும் வெட்டலாம், வின்ச்சை என்னிடமிருந்து எடுத்துக்கொள்ளட்டும்.