முந்நூறு டொலருக்கு ஒரு நகரத்தை இடிக்கலாமா? ஏழு குறும்படங்கள், ஒரு மழை ஞாயிறு

போன ஞாயிறு விடாத மழை. கொழும்பு வெள்ளவத்தையில் மழை பெய்தால் காலி வீதிப் பக்கம் தலை காட்டவே மனம் வராது. அக்காவின் மகன் தன் லப்டொப்பைக் கொண்டுவந்து எங்கள் டிவியில் மாட்டிவிட்டு, "மாமா, இண்டைக்கு நான் போடுற படம்தான்" என்றான். பொடியன் ஒரு கலியாண வீடியோ ஸ்டூடியோவில் எடிட்டிங் செய்கிறான், அதாவது மாப்பிள்ளை பொம்பிளைக்குப் பின்னால் மயில் பறக்கவிடுகிற வேலை. இரவில் வீட்டில் இருந்து விண்கலம் செய்கிறான். அவன் தேர்ந்தெடுத்தது எல்லாம் காசில்லாமலோ, கொஞ்சக் காசிலோ எடுத்த அறிவியல் புனைகதைக் குறும்படங்கள். யூடியூப்பில் தேடினால் கிடைக்கும், சதம் செலவில்லை. ஏழையும் சேர்த்தால் ஒரு மணி பத்து நிமிடம் வரும். எங்களுக்கு நாலு மணித்தியாலம் போனது. நிறுத்தி, பின்னால் ஓட்டி, சண்டை பிடித்துப் பார்த்தால் அப்படித்தான்.

முதலில் போட்டது 'பானிக் அட்டாக்'. உருகுவே நாட்டுக்காரர் ஃபெடே ஆல்வரெஸ் 2009இல் எடுத்தது, ஐந்து நிமிடம்கூட இல்லை. மொன்டேவிடியோ நகரத்துக்குள் ராட்சத ரோபோக்கள் புகுந்து இடித்துத் தள்ளுகின்றன. கதை அவ்வளவுதான். செலவு 300 டொலர் என்று எல்லா இடத்திலும் எழுதியிருப்பார்கள், இங்கே ஒரு கலியாண மேடை அலங்காரத்துக்குக்கூட அந்தக் காசு காணாது. படத்தை ஒரு வியாழக்கிழமை ஏற்றினாராம், திங்கட்கிழமை பார்த்தால் ஹொலிவூட்டில் இருந்து மின்னஞ்சல்கள் நிறைந்து கிடந்ததாம். அப்புறம் 2013இல் 'ஈவில் டெட்' புதுப் பதிப்பு, 2024இல் 'ஏலியன்' வரிசையில் ஒரு படம் என்று ஆள் எங்கேயோ போய்விட்டார்.

இந்த 300 டொலர் கதையில் எனக்கு ஒரு எரிச்சல் உண்டு. மனிதர் அதே நகரத்தில் எபெக்ட்ஸ், அதாவது கொம்பியூட்டரில் காட்சி செய்து ஒட்டுகிற வேலை செய்கிற கம்பெனி நடத்திக்கொண்டிருந்தவர். கொம்பியூட்டர் இருந்தது, மென்பொருள் இருந்தது, கை பழகியிருந்தது. அதை எல்லாம் கணக்கில் சேர்க்காமல் 300 என்றால், அம்மா வீட்டில் சமைத்த சோற்றுக்கு அரிசி விலை மட்டும் போட்ட மாதிரி. மருமகனிடம் இதைச் சொன்னேன். "அதுக்கென்ன மாமா, படத்தைப் பாருங்கோ" என்றான். சரி, அதுவும் நியாயம்தான்.

படம் அருமை. ஆனால் எங்கே அருமை என்றுதான் பார்க்க வேண்டும். ரோபோக்களை அவர் பெரும்பாலும் கிட்டக் கொண்டுவருவதில்லை. தூரத்தில், புகைமூட்டத்துக்குப் பின்னால், கட்டடங்களுக்கு மேலாக நடக்கவிடுகிறார். புகை இருந்தால் நுணுக்கம் தேவையில்லை, நிறம் மங்கலாக இருந்தாலே கண் நம்பிவிடும், கமராவும் ஓடுகிற ஆளின் கையில் இருக்கிற மாதிரி ஆடுகிறது. காலிமுகத்திடலில் நின்று துறைமுகத்துப் பாரந்தூக்கிகளை மழை மூட்டத்தில் பார்த்தவர்களுக்கு இது உடனே விளங்கும். அந்தக் கிரேன்கள் எந்த நேரமும் காலைத் தூக்கி வைக்கப்போகிற மாதிரியே எனக்கு எப்போதும் தெரியும்.

அடுத்தது இன்னும் பழையது, '405'. புரூஸ் பிரானிட், ஜெரமி ஹன்ட் என்று இரண்டே பேர், 2000ஆம் ஆண்டு, வீட்டுக் கொம்பியூட்டரில் செய்த மூன்று நிமிடப் படம். லொஸ் ஏஞ்சலீஸ் நெடுஞ்சாலையில் ஒருவன் காரில் போகிறான், பின்னால் பார்க்கிற கண்ணாடியில் ஒரு பெரிய விமானம் ரோட்டிலேயே இறங்கி வருகிறது. யூடியூப்பே 2005இல்தான் வந்தது. அதற்கு ஐந்து வருடம் முந்தி, தொலைபேசிக் கம்பியில் கீச்சுக் கீச்சென்று இணையம் வந்த காலத்தில், சனங்கள் இதைத் தரவிறக்கிப் பார்த்திருக்கிறார்கள். இன்றைய கண்ணுக்கு விமானம் கொஞ்சம் பிளாஸ்டிக் மாதிரித்தான். ஆனால் அந்தக் கண்ணாடிக் காட்சி இன்னும் வேலை செய்கிறது. முழு விமானத்தையும் காட்டுவதற்கு முந்தி, உள்ளங்கை அளவு கண்ணாடிக்குள் காட்டிவிடுகிறார்கள். காலி வீதியில் பின்னால் 100ஆம் நம்பர் பஸ் ஹோர்ன் அடித்துக்கொண்டு வந்து ஒட்டும்போது கண்ணாடியில் தெரியுமே ஒரு முகம், அதே பயம்.

மூன்றாவதாகப் போட்ட 'அலைவ் இன் ஜோபர்க்' முடிந்தபிறகு கொஞ்ச நேரம் ஒருவரும் கதைக்கவில்லை. நீல் ப்ளோம்காம்ப் எடுத்தது, ஆறு நிமிடம்தான். ஜொகனஸ்பர்க் நகரத்துக்கு மேல் வேற்றுக்கிரகக் கப்பல்கள் தொங்குகின்றன, கீழே சேரிக்குள் அந்த வேற்றுக்கிரகத்தார் அகதிகளாக இருக்கிறார்கள், செய்திப் படம் மாதிரி ஆட்களைப் பேட்டி எடுக்கிறார்கள். அவர்கள் எங்களுக்குக் கரைச்சல், அவர்கள் போக வேண்டும் என்கிற மாதிரி ஊர்ச்சனம் கதைக்கிறது. இதில் பலர் நடிகர்களே இல்லை. சிம்பாப்வேயில் இருந்து வந்திருக்கிறவர்களைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள் என்று கேட்டதற்கு ரோட்டில் போனவர்கள் உண்மையாகச் சொன்ன பதில்களையே எடுத்துப் போட்டிருக்கிறார்.

எபெக்ட்ஸ் என்று பார்த்தால் கப்பல்கள் சும்மா தொங்குகின்றன, அவ்வளவுதான். வெடி கொஞ்சம், ஆரவாரம் கொஞ்சம். ஆனால் கப்பலுக்குக் கீழே இருக்கிற தகரக் கூரையும் தூசியும் அந்த ஆட்களின் முகமும் நிஜம். அந்த நிஜம் கப்பலையும் நிஜமாக்கிவிடுகிறது. அம்மா மூலைக் கதிரையில் இருந்து அதுவரை வாட்ஸப் பார்த்துக்கொண்டிருந்தவர், தலையை நிமிர்த்தி, "இது எங்களை ஏத்தின மாதிரியெல்லோ" என்றார். 2007 ஜூனில் வெள்ளவத்தை லொட்ஜுகளில் தங்கியிருந்த எங்கள் தமிழ் ஆட்களை விடியப்புறம் எழுப்பி பஸ்களில் ஏற்றி அனுப்பினார்களே, அதைத்தான் சொல்கிறார். மறுநாளே நீதிமன்றம் தடுத்தது. மருமகனுக்கு அப்போது பால்குடி வயது, அவனுக்கு அம்மம்மா என்ன சொல்கிறார் என்று விளங்கவில்லை, படத்தை நிறுத்திவிட்டு அந்தக் கதையைச் சொல்ல வேண்டி வந்தது. இந்தக் குறும்படத்தை வைத்துத்தான் 2009இல் 'டிஸ்ட்ரிக்ட் 9' வந்தது, 3 கோடி டொலர் செலவில், ஒஸ்கார் பரிந்துரைகளும் கிடைத்தன. நல்ல படம்தான். ஆனாலும் எனக்கு அந்த ஆறு நிமிடத்தில் இருந்த குத்தல் பெரிய படத்தில் இல்லை. துப்பாக்கிச் சண்டை தின்றுவிட்டது.

மனம் ஆறட்டும் என்று 'வாண்டரர்ஸ்' போட்டோம். சுவீடன்காரர் எரிக் வெர்ன்குவிஸ்ட், 2014, நாலு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். கதை கிடையாது. சூரியக் குடும்பத்தின் கிரகங்களிலும் துணைக்கோள்களிலும் மனிதர்கள் உலாத்துகிறார்கள், குரல் வானியலாளர் கார்ல் சேகனுடையது. விண்வெளி ஆய்வில் எடுத்த உண்மையான படங்களையும் வரைபடங்களையும் அடியாக வைத்துச் செய்திருக்கிறார், அதனால் நிலத்தில் ஒரு பாரம் தெரிகிறது. சனியின் துணைக்கோள் டைட்டனில் சிறகு கட்டிப் பறக்கிறார்கள், யுரேனஸின் துணைக்கோள் மிராண்டாவில் 20 கிலோமீட்டர் உயரம் என்று கணிக்கிற மலைமுகட்டில் இருந்து குதிக்கிறார்கள். ஈர்ப்பு விசை குறைவு, விழுந்து முடிக்கவே நிமிடக்கணக்கு ஆகும்.

ஆனால் நான் நிறுத்தச் சொன்ன இடம் வேறு. செவ்வாய் மண்ணில் இருந்து ஒரு கம்பி மேலே போகிறது, போய்க்கொண்டே இருக்கிறது, முடிவில்லை. விண் தூக்கி, அதாவது விண்வெளிக்கு ஏறுகிற லிஃப்ட். அதை மையமாக வைத்து 1979இல் ஒரு நாவல் எழுதியவர் இங்கிருந்து மூன்று நாலு கிலோமீட்டர் தள்ளி, கொழும்பு 7 பார்ன்ஸ் பிளேஸில் இருந்த ஆர்தர் சி. கிளார்க். அந்த நாவலில் வருகிற தீவும் இலங்கையை வைத்து உருவாக்கியதுதான், சிவனொளிபாத மலை, சிகிரியா எல்லாம் வேறு பெயரில் வரும். 1956இல் வந்து 2008இல் சாகும்வரை இங்கேயே இருந்தவர், பொரளை கனத்தை மயானத்தில்தான் புதைத்தார்கள். அவர் பெயரை ஒன்பதாம் வகுப்பில் பொது அறிவு வினாவிடைக்குப் பாடமாக்கினேன், புத்தகத்தைத் தொட்டது முப்பது வயதுக்குப் பிறகு. இவ்வளவு காலம் அப்படி ஒரு ஆள் இருந்த ஊரில் பொடியன்களுக்கு மயில் பறக்கவிடுகிற வேலைதான் கிடைக்கிறது.

'டியர்ஸ் ஒஃப் ஸ்டீல்' பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 2012, பன்னிரண்டு நிமிடம், ஆம்ஸ்டர்டாமில் ரோபோக்கள். கொம்பியூட்டரில் முப்பரிமாணக் காட்சி செய்கிற இலவச மென்பொருளான பிளெண்டரால் எவ்வளவு செய்யலாம் என்று காட்ட, பிளெண்டரை நடத்துகிற அமைப்பே எடுத்த படம். எபெக்ட்ஸ் சுத்தம், நடிப்பு பள்ளிக்கூட நாடகம், காதலியிடம் மன்னிப்புக் கேட்டு உலகத்தைக் காப்பாற்றுகிற கதை. ஆனால் கமராவில் எடுத்த மூலக் காட்சிகளில் இருந்து ரோபோ மொடல் வரை எல்லாவற்றையும் இலவசமாக வெளியிட்டார்கள். மருமகன் அந்த ரோபோவைத் திறந்து, ஒவ்வொரு மூட்டாகக் கழற்றிப் பார்த்துத்தான் வேலை பழகினானாம். படமாக ஐந்துக்கு இரண்டு, பள்ளிக்கூடமாக ஐந்துக்கு ஐந்து.

எண்பதுகளின் அடிதடிப் படங்களைப் பகிடி பண்ணுகிற 'குங் ஃபியூரி'யும் அப்படித்தான் ஓடிப்போனது. 2015, முப்பத்தொரு நிமிடம். சுவீடனின் டேவிட் சாண்ட்பெர்க் முதலில் முன்னோட்டம் மட்டும் எடுத்து, அதைக் காட்டி இணையத்தில் சனங்களிடம் 6 லட்சம் டொலருக்கு மேல் சேர்த்தார். அதனால் இந்தப் பட்டியலில் இவர்தான் பணக்காரர். ஆனாலும் ஒரு பொலிஸ் நிலையக் காட்சி இருக்கிறது, அதற்கு அவரிடம் இருந்தது ஒரே ஒரு பொலிஸ் உடுப்பு. ஒவ்வொரு ஆளுக்கும் அதையே மாற்றி மாற்றி மாட்டித் தனித்தனியாக எடுத்து, பிறகு ஒட்டிச் சேர்த்திருக்கிறார். அண்ணனும் தம்பியும் ஒரே வெள்ளைச் சேட்டில் பாஸ்போர்ட் படம் எடுத்த வீடுகளுக்கு இது புதினமில்லை. முதல் பத்து நிமிடம் வயிறு நோகச் சிரித்தோம், மிச்சம் ஒரே பகிடி திரும்பத் திரும்ப.

கடைசிப் படம்தான் என்னை ஏமாற்றியது. 'பேக்ரூம்ஸ்', 2022 ஜனவரி. கேன் பார்சன்ஸ் என்கிற அமெரிக்கப் பொடியன், பதினாறு வயது, ஒன்பது நிமிடம். கமராவோடு நிற்கிறவன் கீழே விழுகிறான், எழும்பினால் முடிவில்லாத வெறும் அறைகள், மஞ்சள் சுவர்த்தாள், டியூப் லைட் இரைச்சல், ஆளில்லை. பழைய வீடியோ கசெட்டில் பதிந்த மாதிரிக் கோடு கோடாக ஓடுகிறது. நான் இது ஏதோ கைவிட்ட கட்டடத்துக்குள் போய் எடுத்தது என்றே நினைத்துக்கொண்டு பார்த்தேன். முடிந்தபிறகுதான் மருமகன் சொன்னான், அறைகள் முழுக்கப் பிளெண்டரில் செய்தது, ஒரு சுவர்கூட இல்லை என்று. கசெட் மாதிரி மங்கவைத்ததுதான் தந்திரம். கூர்மையாகத் தெரிந்தால் பொய் தெரியும், பழுதாகத் தெரிந்தால் கண் தானாகவே மிச்சத்தை நிரப்பிக்கொள்ளும். பயம் வந்த இடமும் பேய் வருகிற இடமில்லை, அந்த லைட் இரைச்சல்தான். ஒரு பத்திரத்துக்காக மூன்று நாள் அலைந்த ஒரு அலுவலகத்தின் மேல்மாடி எனக்கு அப்படியே ஞாபகம் வந்தது. அங்கேயும் ஒவ்வொரு கதவும் இன்னொரு கதவுக்குத்தான் போனது.

இவ்வளவும் பார்த்த பிறகு, கூச்சத்தோடு பொடியன் தன்னுடையதைப் போட்டான். பத்து செக்கன். வெள்ளவத்தை ரயில் தண்டவாளத்துக்கு அங்கால் கடலுக்கு மேல் ஒரு கப்பல் மேகத்தைக் கிழித்துக்கொண்டு இறங்குகிறது. பத்து செக்கன் என்றால் 240 பிரேம், அதாவது 240 தனிப்படம், ஒரு பிரேம் ரெண்டர் ஆக, கொம்பியூட்டர் அதை முழுசாக வரைந்து முடிக்க, அவன் லப்டொப்பில் ஆறு நிமிடம், அதாவது சரியாக ஒரு முழு நாள். முதல் தடவை நேரே வீடியோ கோப்பாகவே போட்டிருக்கிறான், இருபதாவது மணித்தியாலத்தில் கரண்ட் போனது, பழைய பெட்டரி இரண்டு நிமிடம்கூடத் தாங்கவில்லை, 200 பிரேமும் குப்பை. அப்புறம்தான் ஒவ்வொரு பிரேமையும் தனிப்படமாகச் சேமிக்கப் பழகினானாம், கரண்ட் போனால் விட்ட இடத்தில் இருந்து தொடரலாம். இந்தத் தொழிலுக்கு வருகிற இலங்கைப் பிள்ளைகள் முதலில் படிக்க வேண்டிய பாடம் இதுதான், வெளிநாட்டுக்காரர் யாரும் சொல்லித் தர மாட்டார்கள்.

கப்பல் பரவாயில்லை, விளிம்பு கொஞ்சம் வெட்டி ஒட்டின மாதிரித் தெரிந்தது, அதை அவனிடமே சொன்னேன். ஆனால் ஆறாவது செக்கனில் ஒரு காகம் குறுக்கே பறந்து கப்பலுக்கு முன்னால் போகிறது. எடுத்தபோது தற்செயலாக வந்த காகமாம். அதைச் சுற்றி இறகு இறகாக, பிரேம் பிரேமாக இரண்டு இரவு இருந்து வெட்டியிருக்கிறான், இல்லாவிட்டால் கப்பல் காகத்துக்கு முன்னால் வந்துவிடும். அந்த ஒரு செக்கன், சத்தியமாக, கப்பல் அங்கே இருந்தது.

அம்மா கண்ணாடியை மேலே தள்ளிவிட்டு டிவிக்குக் கிட்ட வந்து, "திரும்பப் போடு அப்பன்" என்றார். போட்டான். இன்னொரு தரம் பார்த்தார்.

"கப்பல் சரி. உந்தக் காகத்தை எப்பிடியடா செய்தனீ?"